தமிழ் விளம்பரப் பிரதி எழுதுகிறவர்களுக்குக் கொழும்பில் இனி எங்கே வேலை?

கேள்வி: கொழும்பு13

வணக்கம். கொழும்பில் ஒரு விளம்பர ஏஜென்சியில் தமிழ்ப் பிரதி, அதாவது விளம்பரத்தில் வரும் வாசகம், எழுதுகிறேன். பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. உள்ளூர்க் கொம்பனிதான். பெயர் வேண்டாம், இந்தத் துறையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

என் வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஐடியா சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பிறக்கும். படம் பிடித்து, மெட்டுப் போட்டு, கிளையண்டும் சரி சொன்ன பிறகு, பின்னேரம் நாலு மணிக்கு என் மேசைக்கு வரும். ஆறு மணிக்குள் தமிழ் வேண்டும். பால்மா, லீசிங், தங்க நகை அடகு, போன் பெக்கேஜ், சித்திரைப் புத்தாண்டுச் சேமிப்புக் கணக்கு. நடிகையின் வாய் சிங்களத்தில் அசைந்து முடிந்திருக்கும், அந்த அசைவுக்குள் தமிழை அடக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அதிலும் ஒரு ருசி இருக்கிறது, நன்றாக உட்கார்ந்துவிட்டால் அன்று முழுக்கச் சந்தோஷம்.

போன மாதம் எங்கள் பெரியவர் கூப்பிட்டார். அடுத்த காலாண்டிலிருந்து தமிழ் எல்லாம் ஏஐ எழுதுமாம். நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, வெளியே இருந்து அதைச் சரிபார்த்துக் கொடுக்கலாமாம். சரிபார்ப்புக்குக் கொடுக்க நினைக்கும் தொகை, எழுதுவதற்கு வெளியாட்களுக்குக் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்கு. எனக்கு ஏதோ பதவி உயர்வு தருவதுபோலச் சொன்னார். அந்த ஏஐ எழுதிய சில மாதிரிகளையும் பார்த்தேன். பிழை பிடிக்க முடியாத தமிழ்தான். ஆனால் மலையகத்து ஹட்டனில் கடன் கேட்டு வருகிற மனிதருக்கு, சென்னை டிவி நாடகத்தில் யாரோ வட்டிக்குக் கொடுப்பதுபோல இருக்கும்.

என் முன்னால் இப்போது மூன்று வழி இருக்கிறது. ஒன்று, ஒரு நிதிக் கொம்பனியின் சொந்த சோஷியல் மீடியாக் குழு. ஒரு வருட ஒப்பந்தம், அங்கே தமிழுக்கு நான் ஒருத்திதான். இரண்டு, ஒரு தமிழ் வானொலியின் விளம்பரத் தயாரிப்புப் பகுதி. சம்பளம் குறைவு. மூன்று, தனியாக நின்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கடைகளுக்கு எழுதிக் கொடுப்பது.

நான் கேட்பது இதுதான். இலங்கையில் தமிழ் பேசுகிறவர்கள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. அவர்கள் பால்மா வாங்குவதை நிறுத்தவில்லை. அப்படியானால் தமிழ் விளம்பரத்துக்கு என்று இருந்த காசு எங்கே போனது? இந்த மூன்றில் எது ஐந்து வருடமாவது தாங்கும்? "உலகம் மாறுகிறது, நீயும் மாறு" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை வீட்டில் நிறையக் கேட்டுவிட்டேன்.

பதில் 1: ரிலீஸ் ஓடர்

தங்கச்சி, நான் எழுதுகிற ஆள் இல்லை. ஏஜென்சியில் மீடியாப் பக்கம் இருந்தவன். பத்திரிகையில் இடமும் வானொலியில் நேரமும் வாங்கி வாங்கியே வயது போய்விட்டது, இப்போது ஓய்வு. காசு எங்கே போனது என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

எங்கள் காலத்தில் ஏஜென்சியை நடத்தியது உண்மையில் பத்திரிகையும் வானொலியும் கொடுத்த கமிஷன். ஒரு லட்சம் ரூபாவுக்குப் பத்திரிகையில் இடம் எடுத்தால், பத்திரிகை 15 வீதம் கழித்து 85,000 ரூபாவுக்குத்தான் எங்களுக்கு பில் போடும். கிளையண்ட் முழு ஒரு லட்சத்தையும் கட்டுவார். நடுவில் நிற்கும் 15,000 ரூபாதான் எங்கள் பிழைப்பு. உலகம் முழுக்க இருந்த வழக்கம் இது, கொழும்பு கண்டுபிடித்ததில்லை. ஐடியா, வரைபடம், பிரதி, தமிழாக்கம் எல்லாம் அந்த 15க்குள் அடக்கம். கிளையண்டைக் கேட்டால் அதெல்லாம் சும்மா கிடைத்தது என்பார்.

மீடியாத் திட்டத்தில் வீரகேசரியும் தினகரனும் வானொலியின் தமிழ் வர்த்தக சேவையும் இருக்கிறவரை, தமிழ் எழுதுகிறவரின் சம்பளம் தானாக வந்துகொண்டிருந்தது. "தமிழுக்கு எவ்வளவு?" என்று யாரும் கேட்டதில்லை. கேட்காதபடியால் அதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. உங்கள் பெரியவர் மூன்றில் ஒரு பங்கு என்று எந்த அளவுகோலில் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். அவரிடம் அளவுகோல் இருக்காது.

இந்த 15 இரண்டு தடவையாகக் கழன்றது. முதலில் இடம் வாங்கும் வேலை தனிக் கொம்பனியாகப் பிரிந்தது. லண்டனில் 1988இல் சாச்சி ஏஜென்சிக்காரர்கள் ஸெனித் என்று ஆரம்பித்தார்கள். 1997இல் ஜே. வோல்டர் தொம்சன், ஒகில்வி என்ற இரண்டு பெரிய ஏஜென்சிகளும் சேர்ந்து மைண்ட்ஷேர். அந்தக் காற்று கொஞ்சம் பிந்திக் கொழும்புக்கும் வந்தது. கமிஷன் வாங்குகிறவன் ஒரு கட்டடத்தில், எழுதுகிறவன் இன்னொரு கட்டடத்தில் என்றாகிவிட்டது. பிறகு கூகுளும் மெட்டாவும். அங்கே கிளையண்ட் தன்னுடைய கார்டிலேயே கட்டலாம், பழைய 15 வீதம் என்ற பேச்சே இல்லை. உலகத்தின் மொத்த விளம்பர வருமானம் ஒரு டிரில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது என்று 2024 டிசம்பரில் குரூப்எம் என்ற மீடியாக் கொம்பனி கணக்குச் சொன்னது. அதில் பாதிக்கு மேல் கூகுள், மெட்டா, டிக்டொக்கின் பைட்டான்ஸ், அமேசான், அலிபாபா என்ற ஐந்துக்குப் போகிறதாம். இந்த ஐந்தில் ஒன்றுக்கும் வீரகேசரி அலுவலகம் இருக்கும் கிராண்ட்பாஸில் கவுண்டர் கிடையாது. நாங்கள் அச்சுக்குக் கொடுக்கும் விளம்பரப் புரோமைட் தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடிய இடம் அதுதான். வீரகேசரி 1930இலிருந்து வருகிற பத்திரிகை. ஞாயிறு இதழுக்குப் பிந்தினால் அங்கே எவ்வளவு பல்லைக் காட்டினாலும் இடம் கிடைக்காது.

இளையவர்கள் நம்பமாட்டார்கள், ஒரு காலத்தில் இந்தக் காசு எதிர்ப்பக்கமாக ஓடியது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. 1952இல் இந்தியாவில் கேஸ்கர் என்ற அமைச்சர் வந்து, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று ஒதுக்கினார். அங்குள்ள சனம் வானொலி முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தது. பினாக்கா பற்பசைக்காரர்கள் பம்பாயிலிருந்து இங்கே நேரம் வாங்கி ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி நடத்தினார்கள். தமிழ்நாட்டில் எங்கள் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனையும் பிறகு கே. எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் தெரியாத வீடு குறைவு. 1967இல் இந்தியாவின் விவித் பாரதி வானொலி விளம்பரம் ஏற்கத் தொடங்கியது. அதோடு இங்கே வடியத் தொடங்கியது என்று என் மூத்தவர்கள் சொல்வார்கள். எங்கள் அறிவிப்பாளர்களின் குரலோ தமிழோ அந்த ஒரு வருடத்தில் கெட்டுப்போய்விடவில்லை. காசு வருகிற வாய்க்காலை வேறு யாரோ வேறு பக்கம் வெட்டினார்கள், அவ்வளவுதான். உங்களுக்கு நடப்பதும் இதே சங்கதி. உங்கள் தமிழில் என்ன குறை என்று தேடி மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நடுவில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்து பத்திரிகையின் பங்கைக் கடித்தது. 83 கலவரத்துக்குப் பிறகு கொழும்பு ஏஜென்சிகளில் இருந்த நல்ல தமிழ் எழுத்தாளர்கள் பலர் கனடா, லண்டன் என்று போய்விட்டார்கள். கணக்குப் பகுதியில் இருந்த தமிழ்ப் பொடியனைக் கூப்பிட்டுத் தமிழாக்கச் சொன்ன நாட்கள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் சூரியன், சக்தி என்று தனியார் தமிழ் வானொலிகள் வந்து துறைக்கு உயிர் கொடுத்தன. 2002இல் வடக்குக்குப் போகும் ஏ9 வீதி திறந்தபோதும், 2009இல் யுத்தம் முடிந்த பிறகும், வங்கியும் லீசிங்கும் போன் கொம்பனியும் வடக்குக்கு ஓடின. உங்களைப் போன்றவர்களை ஏஜென்சிகள் தேடித் தேடி எடுத்தது அந்த அலையில்தான். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சிகரட், மது விளம்பரத்தை நிறுத்தியது. நல்ல சட்டம். ஆனால் அது எங்கள் பெரிய வருமானம் என்பதையும் மறைக்கக் கூடாது.

பிறகு 2022. பத்திரிகைக் கடதாசி டொலரில் வாங்கும் சாமான். மார்ச் மாதம் உபாலி நிறுவனம் கடதாசி இல்லாமல் 'ஐலண்ட்', 'திவயின' இரண்டின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தியது. அதே மாதம் மேல் மாகாணத்தில் வினாத்தாள் அடிக்கக் கடதாசி இல்லாமல் பாடசாலைப் பரீட்சையே தள்ளிப் போனது. பக்கம் குறைந்தது, விலை ஏறியது, வாசகர் குறைந்தார், விளம்பரக்காரர் அதைக் காரணம் காட்டி வெளியேறினார். தமிழ்ப் பத்திரிகைக்கு மரண அறிவித்தலும் மணமகன் தேவை விளம்பரமும் ஓரளவு தூணாக நின்றன. மரண அறிவித்தலும் இப்போது வெளிநாட்டு உறவுகளுக்காக இணையத்துக்குப் போகிறது.

சரி, உங்கள் மூன்று வழி. நான் என்றால் நிதிக் கொம்பனிக்குப் போவேன். காரணம், அங்கே உங்கள் சம்பளம் எந்தக் கமிஷனிலும் தொங்கவில்லை. விளம்பரம் பேஸ்புக்கில் போனாலும் பேருந்தின் பின்பக்கத்தில் போனாலும் எழுதுகிற ஆளுக்கு அவர்கள்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று, கடன் என்பது பால்மா இல்லை. வாடிக்கையாளருக்கு விளங்கும் மொழியில் விபரம் கொடுக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு இருக்கிறது. நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென்று மத்திய வங்கி 2023இல் தனியாக ஒழுங்குவிதிகளே கொண்டுவந்தது. வட்டி வீதம் பற்றிய ஒரு வரியை ஏஐ பிழையாக எழுதி, மட்டக்களப்பில் ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டு கிளைக்கு வந்தால் யாராவது பதில் சொல்ல வேண்டுமே. சரிபார்க்கிறவர்தான் அந்தச் சுமையைத் தூக்குகிறார். அதற்குக் கூலி கூட வேண்டும், மூன்றில் ஒன்று இல்லை.

நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் வருடத் திட்டத்தில் தமிழுக்கென்று தனி வரி இருக்கிறதா?" இருந்தால் போங்கள். "எல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறோம்" என்றால் ஒரு வருடத்தில் திரும்பவும் இங்கே வந்து கேள்வி போடுவீர்கள்.

பதில் 2: காலி வீதி சேலைக்கடை

அக்கா, நான் மற்றப் பக்கத்து ஆள், காசு கட்டுகிறவன். வெள்ளவத்தையில் அப்பா தொடங்கிய சேலைக்கடை. அப்பா தீபாவளிக்கு ஞாயிறு பத்திரிகையில் அரைப் பக்கம் போடாமல் விட்டதில்லை. போடாவிட்டால் கடை நட்டத்தில் போகிறது என்று ஊர் நினைக்கும் என்பார். இப்போது கடைப் பொறுப்பு என்னிடம். பத்திரிகையை நிறுத்திவிட்டேன், வானொலியை நிறுத்தவில்லை. தீபாவளிக்கு முன்னால் மலையகத்திலிருந்து வருகிற சனம் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வருகிறது. கடைக்குள் வந்து விளம்பரத்தில் சொன்ன சேலையைக் காட்டு என்று கேட்கிறார்கள். எனக்கு வேறு ஆய்வு வேண்டாம்.

மிச்சக் காசு பேஸ்புக்குக்கும் டிக்டொக்குக்கும். ரிலீஸ் ஓடர் ஐயா சொன்ன டொலர் கதை என் கார்டிலும் நடந்தது. பதிவைக் காசு கட்டிப் பரப்புகிற 100 டொலர் பூஸ்ட் 20,000 ரூபா சொச்சமாக இருந்தது, 2022 நடுப்பகுதியில் அதே 100 டொலர் 36,000 ரூபா. பார்த்த ஆட்களின் எண்ணிக்கை கூடவில்லை.

நீங்கள் தனியாக நிற்பதாக இருந்தால் கடைக்காரர்களுக்குத் தெரியாத சில விஷயம் சொல்கிறேன், அதை வைத்தே அவர்களைப் பிடிக்கலாம். பேஸ்புக் விளம்பரத்தில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று தெரிவு செய்தால் எங்கள் வாடிக்கையாளர் பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள். கொழும்புத் தமிழர் நிறையப் பேரின் போன் ஆங்கிலத்தில் இருக்கிறது. மொழியைத் தொடாமல் விட்டு, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, வத்தளை என்று இடத்தைக் கொடுத்து, விளம்பரத்தைத் தமிழில் எழுதினால் வாசிக்கிறவன் தானாக நிற்பான். இனம், சமயம் சார்ந்த தெரிவுகள் பலவற்றை மெட்டா 2022 ஜனவரியில் எடுத்துவிட்டது. அதனால் இப்போது ஆளைப் பொறுக்குகிற வேலையை எழுத்துத்தான் செய்ய வேண்டும். இது உங்களுக்கு நல்ல செய்தி என்று நினைக்கிறேன். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளுக்குக் காட்டுகிற விளம்பரம் வேறு. அங்கே காசு கட்டுகிறவர் மகள், சேலை உடுத்துகிறவர் வெள்ளவத்தையில் இருக்கும் அம்மா. இரண்டு பேருக்கும் ஒரே வசனம் சரிவராது. எனக்கு எழுதித் தருகிற பொடியனுக்கு இது விளங்கவே இல்லை.

எழுத்துருப் பிரச்சினையையும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய சந்தியில் இருக்கும் டிஜிட்டல் திரையில் இடம் எடுத்தேன். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக எங்கள் கடைப்பெயர் ஓடியது. திரைக்காரர் ஃபைல் அப்படித்தான் வந்தது என்றார், டிசைனர் தன் கம்ப்யூட்டரில் சரியாக இருக்கிறது என்றார். காசு திரும்பி வரவில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யுனிகோட்டுக்கு மாற்றி, தெற்காசிய எழுத்துக்கான செட்டிங்கைப் போடாத பொட்டோஷொப்பில் திறந்தால் இப்படித்தான் உடையும் என்று பிறகு ஒரு தம்பி சொல்லித் தந்தான். எழுதிக் கொடுப்பதோடு, கடைசி ஃபைலையும் பார்த்துத் தருவேன் என்று சொல்லுங்கள் அக்கா. அதற்கு நான் காசு தருவேன்.

பதில் 3: ஒலிப்பதிவுக் கூடம்

நான் குரல் கொடுக்கிறவள். வானொலி வேலையைத் தள்ளிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். சம்பளம் குறைவுதான். ஆனால் அங்கே ஒருநாளில் எழுதி, அன்றே ஒலிப்பதிவு செய்து, மறுநாள் காதால் கேட்கலாம். ஏஜென்சியில் நீங்கள் எழுதியதை நாலு பேர் மாற்றிய பிறகுதான் எங்களிடம் வரும். யார் மாற்றினார் என்றே தெரியாது. பல தடவை மைக்குக்கு முன்னால் நின்று நாங்களே திருத்திப் பேசியிருக்கிறோம்.

இப்போது நீளம்தான் பெரிய மாற்றம். முன்பு 30 விநாடி. இரண்டு பேர் கதைத்து, ஒரு பாட்டும் வந்து, கடைசியில் பெயர் சொல்லலாம். யூடியூபில் ஐந்தாவது விநாடியில் தவிர்க்கிற பொத்தான் வந்துவிடும், பம்பர் என்கிற விளம்பரம் மொத்தமே ஆறு விநாடி. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும், "தருகிறோம்" என்று முடிப்பதற்குள் ஆள் போய்விடுகிறார். சிங்களத்திலும் வினை கடைசியில்தான், ஆனால் சிங்கள விளம்பரத்துக்கு முதலிலேயே ஆறு விநாடிக்கென்று யோசித்து எழுதுகிறார்கள். தமிழுக்கு 30 விநாடிப் பிரதியை வெட்டித் தருகிறார்கள். வெட்டினது கேட்கத் தெரியும். முதலிலிருந்தே குறுக்கி எழுதத் தெரிந்தவர் கொழும்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். நீங்கள் வாயசைவுக்கு எழுதிப் பழகியவர், அசை எண்ணத் தெரியும். அதை விற்கப் பாருங்கள்.

ஏஐ குரலும் வந்துவிட்டது, அது தனிக் கதை. போன வருடம் ஒரு இடத்தில் கையெழுத்துக்குத் தந்த தாளில் "எல்லா ஊடகத்துக்கும், எக்காலத்துக்கும்" என்று இருந்தது. நான் அதை வெட்டி "இந்த ஒரு விளம்பரம், வானொலி மட்டும், ஒரு வருடம், குரல் மாதிரி உருவாக்க அனுமதி இல்லை" என்று கையால் எழுதிக் கொடுத்தேன். முகம் கோணினார்கள், ஆனால் ஒப்புக்கொண்டார்கள். எழுதுகிறவர்களும் இப்படி ஒரு வரி போட வேண்டும். நீங்கள் பத்து வருடம் எழுதிய பிரதிகளைக் கொடுத்துத்தான் அந்த ஏஐயைப் பழக்குகிறார்களோ என்னவோ.

பதில் 4: பேரோல்

சகோதரி, மற்றவர்கள் எதிர்காலம் பேசுகிறார்கள், நான் அவசரமான ஒன்றைச் சொல்கிறேன். ராஜினாமாக் கடிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.

15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். நீங்களே ராஜினாமாக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு அந்த வேலை மிச்சம். அதனால்தான் கடிதம் கேட்கிறார்கள், வேறு மர்மம் இல்லை.

பணிக்கொடை வேறு கணக்கு. ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி. ராஜினாமாச் செய்தாலும் அது உங்களுக்குரியது, அவர்கள் அதைப் பெரிய சலுகையாகக் காட்டினால் மயங்காதீர்கள். வெளியாளாக மாறினால் அவர்கள் கட்டும் 12 வீத ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), 3 வீத ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) நின்றுவிடும். ரிலீஸ் ஓடர் ஐயாவின் 15 போய், இந்த 15உம் போகும். முதலில் இழப்பீடு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன் என்று ஒரு வார்த்தை விட்டாலே பேச்சின் தொனி மாறும்.

மறுபதில்: கொழும்பு13

எல்லாருக்கும் நன்றி. பேரோல் அண்ணா, எங்கள் இடத்தில் 15 பேருக்கு மேல் இருக்கிறோம். கடிதம் இன்னும் கொடுக்கவில்லை. இனிக் கொடுக்கவும் மாட்டேன், இழப்பீட்டை எழுத்தில் தரச்சொல்லி இன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

ரிலீஸ் ஓடர் ஐயா, நீங்கள் சொன்ன கேள்வியை நிதிக் கொம்பனியிடம் தொலைபேசியிலேயே கேட்டேன். அந்தப் பெண்மணி கொஞ்சம் யோசித்துவிட்டு, கிளைகளுக்கான துண்டுப்பிரசுரத்துக்கும் தமிழ் வீடியோவுக்கும் தனி ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் தினசரிப் பதிவுகளுக்கு இல்லை என்றார். இது நல்ல பதிலா, கெட்ட பதிலா?

பதில் 5: ரிலீஸ் ஓடர்

நல்ல பதில். தனி வரி இருக்கிற வேலையை உங்கள் பெயரில் எழுத்தில் வாங்குங்கள். தினசரிப் பதிவை ஏஐ எழுதட்டும், நீங்கள் பாருங்கள், அதில் வட்டி வீதமும் திகதியும் வருகிற பதிவு மட்டும் உங்கள் கையெழுத்து இல்லாமல் போகக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போடச் சொல்லுங்கள். ஒரு வருடம் என்பதை இரண்டாக்கிக் கேளுங்கள், ஒன்றரைக்கு இறங்குவார்கள். அத்தோடு, வெளி வேலை செய்யத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். போட்டிக் கொம்பனிக்கு எழுதக்கூடாது என்றால் நியாயம். சேலைக்கடைக்கு எழுதக்கூடாது என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பதில் 6: காலி வீதி சேலைக்கடை

ஐயா என் வாயைக் கிளறிவிட்டார். அக்கா, தைப்பொங்கலுக்கு வானொலிக்கு 30 விநாடி ஒன்றும் யூடியூபுக்கு ஆறு விநாடி ஒன்றும் வேண்டும். வெட்டினது இல்லை, தனியாக எழுதினது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்புக் பதிவும். மூன்றுக்கும் என்ன விலை என்று தனிச்செய்தியில் போடுங்கள். திருத்தம் எல்லாம் அதற்குள் அடக்கம்தானே?

மறுபதில்: கொழும்பு13

இரண்டு தடவை வரை அடக்கம் தம்பி. மூன்றாவது திருத்தத்திலிருந்து தனி. கடைசி ஃபைல் பார்ப்பதற்கு வேறு வரியில் போட்டிருக்கிறேன், தனிச்செய்தியைப் பாருங்கள்.